கண்டுபிடிப்புக்கு வில்லங்கம் பார்த்தீர்களா?

திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில், மணப்பாறை தாண்டி வையம்பட்டி வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்தால் சுவர்களைப் படித்துக்கொண்டே வரலாம். கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, கட்சி மாநாடு இவற்றுக்கு நடுவே பெயின்ட்டில் எழுதிய ஒரு விளம்பரம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: ‘போரில் விழுந்த மோட்டார் எடுத்துத் தரப்படும்’. கீழே ஒரு செல்பேசி எண். வெளியூர்க்காரர் எந்தப் போர் என்று கேட்கக்கூடும். எங்களுக்குத் தெரியும். வானம் பார்த்த பூமி இது. பல நூறு அடி துளை போட்டால்தான் தண்ணீர் முகம் காட்டும். குழாய் அறுந்தால் மோட்டார் உள்ளே போய்விடும். கேமரா இறக்கி, கொக்கி மாட்டி, அதைத் தூக்கிக் கொடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். காப்புரிமை அலுவலகத்தின் வாசலை மிதித்தவர்கள் அல்லர் அவர்கள்.

அந்தச் சுவர் எழுத்தை நான் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கியது 2019-க்குப் பிறகு.

அந்த ஆண்டு அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை மாலை. மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுச் சிறுவன், பயன்பாட்டில் இல்லாத ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்தான். முதலில் 26 அடியில் நின்றவன் பிறகு 88 அடிக்குச் சரிந்தான். கயிற்றில் சுருக்குப் போட்டுக் கையில் மாட்டிப் பார்த்தார்கள். ஊருக்கு ஒரு கருவியாக வந்து இறங்கியது. பக்கத்தில் இன்னொரு துளை போட இயந்திரங்கள் வந்தன. அடியில் கிடந்த பாறை அவற்றை நகரவிடவில்லை. தீபாவளி வந்து போனது. 29-ஆம் தேதி விடிவதற்கு முன் உடல்தான் வெளியே வந்தது.

அந்த நான்கு நாளும் தமிழ்நாடு முழுதும் காகிதத்தில் படம் வரைந்தது. உள்ளே போய்க் குடைபோல விரிவது, பலூன்போல உப்புவது, பாம்புபோல நெளிந்து கவ்வுவது. அதற்குப் பிறகு நான் போன கல்லூரிக் கண்காட்சிகளில் எல்லாம் ஒரு பி.வி.சி. குழாயும், அதற்குள் ஒரு பொம்மையும், அதைப் பிடிக்க இறங்கும் ஒரு இரும்புக் கையும் தவறாமல் இருந்தன. அந்த அக்கறையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கருவியின் பக்கத்தில் நின்ற பிள்ளைகளிடம், ‘இதற்கு முன்னால் இதை யார் யார் செய்திருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா?’ என்று கேட்டால், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் அந்த வாரம் முழுதும் தூங்கவில்லை. பழைய ஸ்கூட்டர் கேபிள், நாலு தாடை, ஒரு சின்ன விளக்கு, செல்பேசிக் கேமரா ஆகியவற்றை வைத்து அவரும் ஒரு கை செய்தார். பார்த்தவர்கள் ‘பேட்டன்ட் வாங்கிடுப்பா’ என்று உசுப்பினார்கள். மனைவியின் இரண்டு பவுன் அடகுக் கடைக்குப் போனது. நகரத்தில் ஒரு ஆலோசகர் பணத்தை வாங்கிக்கொண்டு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார். பட்டறைக்காரரும் பெயர்ப்பலகையில் ‘காப்புரிமை பெற்றது’ என்று எழுதிவிட்டார். இரண்டு ஆண்டு கழித்து அலுவலகத்திலிருந்து முதல் ஆய்வறிக்கை வந்தது. ஆங்கிலம் என்பதால் என்னிடம் கொண்டுவந்தார்.

“என்ன சார், நம்மள மாதிரியே மூணு பேரு பண்ணிருக்காங்கன்னு போட்ருக்காமே?”

மூன்று பழைய ஆவணங்களைச் சுட்டியிருந்தார்கள். ஒன்று, இவர் பிறப்பதற்கு முன்பே வெளியானது. விண்ணப்பம் போடுவதற்கு முன் ஆலோசகர் தேடிப் பார்த்தாரா என்று கேட்டேன். “தேடுறதுன்னா எதை சார்?” என்றார். ஆய்வறிக்கைக்கு 6 மாதத்துக்குள் பதில் தர வேண்டும். பதில் எழுத இன்னொரு தொகை கேட்டார்கள். அவரிடம் இல்லை. பதில் போகாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே சட்டம் கருதும். அப்படித்தான் கருதியது.

இதே மனிதர், மூன்று சென்ட் நிலம் வாங்கும்போது என்ன செய்தார்? 30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தார். மூலப் பத்திரம் கேட்டார். நான்கு மாலும் சரியா என்று சங்கிலி பிடித்தார். கிராமத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட வில்லங்கம் பார்க்காமல் முன்பணம் கொடுக்க மாட்டார். இப்போது அதைப் பதிவுத்துறை இணையதளத்தில் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். கண்டுபிடிப்புக்கும் அப்படி ஒரு வில்லங்கப் பதிவேடு இருக்கிறது; அதுவும் இணையத்தில், காசில்லாமல், உலகம் முழுமைக்குமாக இருக்கிறது. அந்தத் தகவல் மட்டும் பட்டறை வாசல்வரை வந்து சேரவில்லை.

இந்தியக் காப்புரிமை அலுவலகம் ‘இன்பாஸ்’ என்ற தேடல் வசதியை வைத்திருக்கிறது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் ‘எஸ்பாஸ்நெட்’ 1998 முதல் இயங்குகிறது. அதில் மட்டும் 15 கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்கள். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் ‘பேட்டன்ட்ஸ்கோப்’ உண்டு. 2006-ல் வந்த ‘கூகுள் பேட்டன்ட்ஸ்’ எல்லாவற்றிலும் எளிது. சினிமாப் பாட்டுத் தேடத் தெரிந்தவர் அதிலும் தேடலாம்.

தேடலாம்தான். என்ன சொல்லைப் போட்டுத் தேடுவது? வித்தை அங்கேதான் இருக்கிறது. பட்டறைக்காரரோடு உட்கார்ந்து நான் முதலில் போட்டுப் பார்த்தது, ‘குழந்தை, ஆழ்துளைக் கிணறு, மீட்பு’ என்பதற்கான ஆங்கிலச் சொற்கள். நம் நாட்டு மாணவர்களும் ஆசிரியர்களும் போட்ட விண்ணப்பங்கள் கண்ணில் பட்டன. அவ்வளவுதானா என்று நிறுத்தியிருந்தால் ஏமாந்திருப்போம். காப்புரிமை உலகில் பொருளைப் பெயரை வைத்து அடுக்குவதில்லை, அது செய்யும் வேலையை வைத்து அடுக்குகிறார்கள். அதற்கென்று பன்னாட்டு வகைப்பாடு ஒன்று உண்டு. அதில் ‘ஈ21பி’ என்பது நிலத்தில் துளையிடுதல். அதன் 31-ஆம் பிரிவின் தலைப்பு: துளைக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் கிடக்கும் பொருளைப் பிடித்தெடுப்பது, சிக்கியதை விடுவிப்பது.

எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் இந்த வேலையை ‘மீன்பிடித்தல்’ என்று சொல்கிறார்கள். உள்ளே அறுந்து விழுந்த குழாய்க்கோ கருவிக்கோ ‘மீன்’ என்றே பெயர். மேலிருந்து கவிழ்ந்து வெளிப்பக்கத்தைப் பற்றுவது ‘ஓவர்ஷாட்’. உள்ளே நுழைந்து விரிந்து பிடிப்பது ‘ஸ்பியர்’. நம் பிள்ளைகள் குடை என்று வரைந்தார்களே, அதன் தாத்தா அது. இது ஒரு கதவு. பிடிக்கும் தலைகளுக்கென்று ‘பி25ஜே 15’ இன்னொரு கதவு. தவறிப்போய் மண்ணில் புதையுண்டவர்களுக்கு மூச்சுக்காற்று தரும் கருவிகள் ‘ஏ62பி 33’-இல் கிடக்கின்றன. அந்தப் பிரிவின் தலைப்பிலேயே, செத்ததாகக் கருதப்பட்டவர் தப்பி வரவோ தான் இருப்பதை உணர்த்தவோ உதவும் கருவிகள் என்றும் போட்டிருக்கிறார்கள். உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு காலத்தில் ஐரோப்பாவை அந்த அளவுக்கு ஆட்டியிருக்கிறது.

அன்று பட்டறைக்காரர் படங்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆங்கிலம் படிக்க வராதவருக்கு அந்தக் கோட்டோவியங்கள் படிக்க வந்தன. “சார், இவன் தாடையை வெளியில இருந்து இழுக்கல, உள்ள ஆப்பு வச்சுத் தள்றான். எனக்குத் தோணாமப் போச்சே.” இரண்டு பவுன் போவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய வாக்கியம் அது.

நான் சொல்ல வருவது இதைத்தான். தேடல் என்றவுடன் ‘நான்தான் முதலா’ என்று உறுதிசெய்துகொள்ளும் சடங்காக நினைக்கிறோம். அதற்கும் அது வேண்டும்தான். ஆனால் பட்டறைக்காரருக்கு அதைவிடப் பெரிய லாபம் படிப்பில் இருக்கிறது. காப்புரிமை என்பது ஒரு பேரம். உன் ரகசியத்தை, துறை தெரிந்த ஒருவர் படித்துச் செய்துவிடும் அளவுக்கு ஒளிக்காமல் எழுதிக் கொடு. பதிலுக்கு 20 ஆண்டுக்கு மற்றவர் அதைச் செய்யாமல் தடுக்கும் உரிமை தருகிறேன் என்கிறது அரசு. நமக்குத் தெரிந்த சிறந்த செய்முறையையே எழுத வேண்டும் என்று இந்தியச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. வைத்தியர் மருந்தைச் சொல்லாமல் செத்துப்போகிற ஊரில், எதிராளியின் முழுச் செய்முறையும் படத்தோடு இலவசமாகக் கிடக்கிறது என்றால் அதற்குப் பெயர் நூலகம். இந்தியாவில் அந்த நூலகத்தின் முதல் பக்கம் 1856-ல் எழுதப்பட்டது. கல்கத்தாவின் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்பவர் பங்கா இழுக்க ஓர் இயந்திரம் கண்டுபிடித்து விண்ணப்பித்தார். வியர்வையிலிருந்து பிறந்த நூலகம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

நில வில்லங்கத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நிலத்தில் அடமானம் இருந்தால் வாங்குகிற பேச்சு முடிந்தது. இங்கே அப்படி முடிவதில்லை. காப்புரிமை அந்தந்த நாட்டோடு சரி. அமெரிக்காவில் மட்டும் பெற்ற காப்புரிமை வையம்பட்டியில் யாரையும் கட்டுப்படுத்தாது. அதைப் பார்த்து இங்கே செய்து விற்கலாம். 20 ஆண்டு முடிந்ததும், ஆண்டுக் கட்டணம் கட்டாமல் காலாவதியானதும் ஊர் மந்தைபோல எல்லோருக்கும் பொது. சொட்டுநீர்ப் பாசனத்தின் துளைமுனைக்கு இஸ்ரேலின் சிம்கா பிளாஸ் காப்புரிமை பெற்றார், 1965-ல் தொடங்கிய நெட்டாஃபிம் நிறுவனம் அதை உலகுக்கு விற்றது. அந்த முதல் வடிவம் இன்று யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதே அமெரிக்க ஆவணம், செத்துப்போன காப்புரிமையேயானாலும், உங்கள் விண்ணப்பத்தின் புதுமையைக் கொன்றுவிடும். செய்ய விடும், சொந்தம் கொண்டாட விடாது. இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் எங்கள் பட்டறைக்காரர் விண்ணப்பத்தை விட்டுவிட்டு வியாபாரத்தைப் பார்த்திருப்பார்.

இன்னொன்று. ஏற்கெனவே தெரிந்த நான்கு பொருளை ஒன்றாகக் கட்டி, ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தால் அது கண்டுபிடிப்பே ஆகாது என்கிறது 3-ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவு. கேமரா பார்க்கும், விளக்கு எரியும், கை பிடிக்கும் என்று அடுக்கினால் இந்த வலையில் விழுவோம்.

இப்போது அந்தச் சுவருக்கு வருகிறேன். புதுமை இல்லை என்று காட்டக் காப்புரிமை ஆவணம்தான் வேண்டும் என்பதில்லை. இந்தியாவில் முன்பே எல்லோருக்கும் தெரிந்தது, பொதுவில் பயன்பட்டது என்றாலே போதும். ஓர் உள்ளூர்ச் சமூகத்திடம் வாய்வழியாக இருந்துவரும் அறிவுகூட எதிர்ப்பு மனுவுக்குக் காரணமாகலாம் என்று 25-ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, ‘போரில் விழுந்த மோட்டார் எடுத்துத் தரப்படும்’ என்ற சுவர் எழுத்துக்குப் பின்னால் இருக்கும் கொக்கியும் கேமராவும் சட்டத்தின் கண்ணில் முன்சான்றுதான். மதுரை மணிகண்டன் உருவாக்கிய மீட்புக் கருவி 2014-ல் சங்கரன்கோவில் பக்கம் ஒரு சிறுவனை உயிரோடு மேலே கொண்டுவந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது, அதுவும் சான்றுதான். கணினியில் தேடுவதற்கு முன் நாலு ஊர் சுற்றி, மோட்டார் தூக்குகிறவரோடு ஒரு டீ குடித்துவிட்டு வருவதும் தேடலில் சேர்த்தி.

இதே விதி நம் காலையும் வாரும். செய்த கருவியை யூடியூபில் போட்டுவிட்டு, லைக் வந்த மகிழ்ச்சியில் ஆறு மாதம் கழித்து விண்ணப்பித்தால், உங்களுக்கு எதிரான முதல் சாட்சி உங்கள் வீடியோதான். அரசு அறிவித்த கண்காட்சி போன்ற சில விலக்குகள் உண்டு. அவை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. செலவைக் குறைக்க முதலில் தற்காலிக விவரக்குறிப்போடு பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைத் தரலாம். தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய், ஆய்வு கோர 4,000. விண்ணப்பத்துக்கும் ஆய்வுக்கும் அரசுக் கட்டணம் இவ்வளவுதான். இரண்டு பவுன் எங்கே போயிற்று என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தேடலை நம்பி முழுக்கக் கண்ணை மூடவும் முடியாது. விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும். போன மாதம் ஒருவர் போட்டது இன்று உங்களுக்குத் தெரியாது. கிடைத்த ஆவணத்திலும் தலைப்பையும் சுருக்கத்தையும் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம், துள்ளவும் வேண்டாம். கடைசியில் எண் போட்டு வரும் உரிமைக்கோரல்கள்தான் உரிமையின் எல்லையைச் சொல்லும் நான்கு மால்.

வெளியாவது என்றதும் நம் செய்தித்தாள்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விண்ணப்பம் காப்புரிமை அலுவலக இதழில் வெளியாவது வேறு, ஆய்வு முடிந்து காப்புரிமை வழங்கப்படுவது வேறு. தனிநபர் 2,500 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் சீக்கிரமே வெளியிட்டுவிடுவார்கள். அதில் தகுதி பற்றிய தீர்ப்பு எதுவும் இல்லை. ஆனால் மறுநாளே ‘பேராசிரியர் காப்புரிமை பெற்றார்’ என்று சால்வையோடு படம் வருகிறது. தரவரிசைக்கும் அங்கீகாரத்துக்கும் எண்ணிக்கை காட்ட வேண்டிய கல்லூரிகளுக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. 2021-ல் கல்வி நிலையங்களுக்குக் கட்டணம் 80 விழுக்காடு குறைந்த பிறகு கேட்கவே வேண்டாம். உள்நாட்டு விண்ணப்பங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்பதாகப் பெருமைப்படுகிறோம். போட்டது எத்தனை, வழங்கப்பட்டது எத்தனை, தொழிற்சாலைக்குப் போனது எத்தனை என்று சேர்த்துச் சொன்னால் நானும் பெருமைப்படுவேன். வெளிநாட்டு வடிவமைப்புப் பதிவைக் காட்டி ‘பன்னாட்டுக் காப்புரிமை’ என்று ஃபிளெக்ஸ் வைப்பதும் நடக்கிறது. எங்கள் ஊர்ப் பெருமையான மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோதும் ‘முறுக்குக்குக் காப்புரிமை’ என்று பேசியவர்கள் உண்டு. அது ஊருக்குக் கிடைத்த அடையாளம், கண்டுபிடிப்புக்குத் தந்த உரிமை அன்று.

பட்டறைக்காரருக்கு உண்மையான சுவர் மொழிதான். இந்தியக் காப்புரிமை ஆவணங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்கும். தமிழில் விண்ணப்பிக்கவும் முடியாது, தமிழில் தேடவும் முடியாது. இயந்திர மொழிபெயர்ப்பு இருக்கிறதே என்பார்கள். உரிமைக்கோரல் வாசகத்தை அதில் போட்டுப் பாருங்கள், யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்றே தெரியாது.

மஞ்சள் வழக்கை நினைத்துக்கொள்வது இங்கே பொருந்தும். புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-ல் அமெரிக்கா, மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்தது. நம் வீட்டுப் பாட்டிகள் எல்லோரும் முன்சான்றுகள். ஆனால் அமெரிக்க ஆய்வாளர் தேடிய இடத்தில் பாட்டிகள் இல்லை. அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகம் 32 ஆதாரங்களைத் திரட்டிக் கொடுத்த பிறகு 1997-ல் அது ரத்தானது. அந்தப் பாடத்தில் பிறந்தது 2001-ல் தொடங்கிய மரபுசார் அறிவு மின்நூலகம். ஆயுர்வேதம், யுனானியோடு நம் சித்த மருத்துவ நூல்களையும் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய மொழிகளுக்குக் கொண்டுபோனார்கள், அயல்நாட்டு ஆய்வாளர்கள் தேடும்போது கிடைக்க வேண்டும் என்று. நல்ல வேலை. ஆனால் போகிற பாதை போட்ட நாம் வருகிற பாதையைப் போடவில்லை. தமிழிலிருந்து ஜப்பானியத்துக்கு ஒரு சூரணத்தைக் கொண்டுசேர்க்க முடிந்த நாட்டில், ஒரு கொக்கியின் விவரத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவர முடியாதா?

எல்லாவற்றையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. காலாவதியான காப்புரிமைகளில் உழவு, கிணறு, பம்ப், கறவை, கடலை உடைப்பு போன்று சிற்றூர்ப் பட்டறைக்குப் பயன்படும் சில நூறைத் தேர்ந்து, படத்தோடு தமிழ்ச் சுருக்கம் போட்டால் போதும். தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தில் காப்புரிமைத் தகவல் மையம் இருக்கிறது, சென்னையில். பட்டறைகள் வையம்பட்டியில் இருக்கின்றன.

எங்கள் பட்டறைக்காரர் இப்போது அந்த இரும்புக் கையைப் பரணில் ஏற்றிவிட்டார். கைவிட்ட துளைக்கு மாட்டும் மூடி செய்கிறார். மேலே தகடு, கீழே கவ்விக்கொள்ளும் மூன்று கால். அந்தக் கால்கள், அன்று திரையில் பார்த்த ஏதோ ஒரு பழைய படத்தின் பேரப்பிள்ளைகள் என்று அவரே சொல்கிறார். திறந்த துளையை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது; தமிழக அரசு 2015-ல் விதியும் வகுத்துவிட்டது. மூடிக்கு அவர் காப்புரிமை கேட்கவில்லை. வாங்குகிறவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.

திருச்சியைச் சுற்றியிருக்கும் பொறியியல் கல்லூரிகளுக்கும், துவாக்குடி என்.ஐ.டி.க்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவை மாதத்தில் ஒரு நாள் வளாகத்துக்கு வெளியே கொண்டுவாருங்கள். ஒரு மடிக்கணினி, தேடத் தெரிந்த இரண்டு மாணவர்கள், தமிழில் சொல்லத் தெரிந்த ஓர் ஆசிரியர் போதும். மணப்பாறையில் மாட்டுச் சந்தை கூடும் நாளாகப் பார்த்து வையுங்கள். ஆள் சேர்க்கத் தனியாக விளம்பரம் செய்ய வேண்டியிருக்காது.